இடைவேளை இல்லாத நான்கு படங்கள்

என் மாமியார் பாதி ஆயுளை ஒரு சினிமா தியேட்டருக்குள் கழித்தவர். ஆனால் அங்கே ஓடிய எந்தப் பெரிய படத்தின் முதல் பாதியையும் அவர் பார்த்ததில்லை. கேலிக்காகச் சொல்லவில்லை, தியேட்டர் கேன்டீன் நடத்துகிறவர்களின் பிழைப்பு அப்படி. படம் தொடங்கும்போது வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் பாப்கார்னும் கொடுத்து அனுப்பியதும் இடைவேளைக்கான வேலை ஆரம்பித்துவிடும். பால் காய வேண்டும், கட்லெட்டை உருட்டி வைக்க வேண்டும், கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து நிறுத்த வேண்டும். இடைவேளை விட்டதும் ஊரே ஒரே நேரத்தில் கையை நீட்டும். அந்தக் களேபரம் அடங்கி, கேன்டீன் மேடையைத் துடைத்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவர் கடைசி வரிசை ஓரத்து நாற்காலியில் உட்காரும்போது, கதாநாயகியின் அண்ணன் செத்திருப்பான், வீடு கைமாறியிருக்கும், யாரோ யாரையோ மன்னிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். அவருக்கு எல்லாப் படமும் அங்கேதான் ஆரம்பம்.

"செத்தது யாருன்னே தெரியாம அழுதிருக்கேன் மாப்பிள்ளை," என்பார். "அழுது முடிச்சு வெளிய வந்து, டிக்கெட் கிழிக்கிறவரைக் கேப்பேன், ஏங்க, அந்தாளு நல்லவனா கெட்டவனான்னு."

இதனால் அவருக்கு ஊரில் ஒரு கெட்ட பெயர் உண்டு. வருகிறவர்கள் கேன்டீனில் நின்று, "என்னக்கா, படம் எப்படி?" என்று கேட்பார்கள். அவருக்குத் தெரிந்ததோ முடிவு மட்டும்தான். "நல்லாருக்கு, கடைசில தங்கச்சி புருஷன்தான் திருடன்," என்று டீயோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். இப்படி அவர் கெடுத்த துப்பறியும் படங்கள் ஏராளம். 'செகண்ட் ஹாஃப் அக்கா' என்று பெயர் வந்தது அப்படித்தான். விவரம் தெரிந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பாப்கார்ன் வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் மகளைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று சொல்லப் போன அன்றும் இதே கதைதான். என் படிப்பு, குடும்பம், நான் யார், எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கடைசில இங்கயே இருப்பீங்களா, இல்ல எங்கயாவது கிளம்பிடுவீங்களா?" என்றார். நான் லிஃப்ட் மெக்கானிக். "பாதியில நிக்கறதைச் சரிபண்றதுதான் அத்தை என் தொழில்," என்று ஒரு ஜோக் அடித்துப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பே வரவில்லை. "இங்கயேதான் இருப்பேன்," என்ற பிறகுதான் டீ வந்தது.

மாமனார் அதே தியேட்டரில் ஆபரேட்டர். மாடியில் புரொஜக்டர் அறை, படிக்கட்டுக்குக் கீழே கேன்டீன். இடைவேளைக்குச் சற்று முன்னால் அவர் மேலே ஒரு பட்டனை அழுத்துவார், கீழே மணி அடிக்கும், எண்ணெயில் கட்லெட் விழும். மாமியார் அங்கே முதலில் வேலைக்கு வந்தது பாத்திரம் கழுவத்தான். அந்த நாட்களில் மணி தேவையில்லாமல் இரண்டு தரம் அடிக்குமாம். "முதல் மணி இடைவேளைக்கு, ரெண்டாவது எனக்கு," என்று இந்த வயதிலும் முகம் சிவக்கச் சொல்வார். மாமனார் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு பல் குத்துவார். வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசுகிற மனிதரில்லை.

இனி நடிகையைப் பற்றி. மாமியார் வீட்டில் அவருக்கு 'நம்ம பொண்ணு' என்றுதான் பெயர். சின்ன வயதிலேயே சினிமாவுக்கு வந்து, கதாநாயகனைச் சுற்றி மரத்தைச் சுற்றி ஆடி, பிறகு அழ ஆரம்பித்து, அழுதே உச்சத்துக்குப் போனவர். அவர் திரையில் அழுதால் தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும், கேன்டீனில் பேப்பர் நாப்கின் தீர்ந்துபோகும். அப்புறம் போலீஸ் அதிகாரி, அப்புறம் வக்கீல், விருதுகள், பட்டங்கள், சோப்பு விளம்பரம். அவரைப் பிடிக்காது என்று சொல்கிற ஆளை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. ஆனால் அவரே ஆசைப்பட்டு நடித்த படங்கள் எவை என்று கேட்டால் ஊரே திருதிருவென்று விழிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை, பெயர் தெரியாத ஒரு டைரக்டரோடு சேர்ந்து, கைக்காசைப் போட்டு, அவர் ஒரு சின்னப் படம் எடுப்பார். வந்த சுவடு தெரியாமல் அது போய்விடும்.

முதல் சின்னப் படம் வந்தபோது என் மனைவிக்குப் பள்ளிக்கூட வயது. படத்தில், இறந்துபோன தம்பி வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்ய ஓர் அக்கா வருகிறாள். ஒரே அறை, ஒரே நாள். சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள், வீட்டுக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொள்கிறார். பாட்டு இல்லை, சண்டை இல்லை, மருந்துக்குக்கூட மேக்கப் இல்லை. அன்று மாமியார் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மணிக்காகக் காத்திருந்தார். மணி அடிக்கவில்லை. பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. தூங்கிவிட்டார் மனுஷன் என்று கரண்டியும் கையுமாக மாடிக்கு ஏறினார்.

"ஏங்க, மணி எங்க?"

"இதுல இடைவேளை கிடையாது."

"கிடையாதுன்னா?"

"எடுத்தவங்க வைக்கல. வந்திருக்கிறதும் கைப்பிடி ஆளு. மேனேஜர் அப்படியே விட்டுடச் சொல்லிட்டார்."

அடுத்த காட்சிக்கு மாமியார் அடுப்பையே பற்றவைக்கவில்லை. விளக்கு அணைவதற்கு முன்பே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு படம் எப்படி ஆரம்பிக்கிறது என்று அன்றுதான் பார்த்தாராம். "முதல்ல ஒண்ணுமே நடக்கல மாப்பிள்ளை! அவ பாட்டுக்குக் கதவைத் திறக்கிறா, ஜன்னலைத் திறக்கிறா, தூசியைப் பார்த்துத் தும்முறா. யாரும் சாகல, யாரும் கத்தல. எனக்கு அப்ப வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றது?" என்று இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தத் தும்மலைத் தும்மிக் காட்டுவார்.

இரண்டாவது படத்தில் நடிகை யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் வேலை செய்யும், காது மந்தமான பெண். மூன்றாவதில் நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிற ஒரு வேன் டிரைவரின் மனைவி. கடைசிவரை அவளுக்கு நீச்சல் வராது, ஆனால் தண்ணீர் மேலிருந்த பயம் போய்விடும். முடிவைச் சொல்லிவிட்டேனா? குடும்பத்து வியாதி, எனக்கும் தொற்றிவிட்டது. இரண்டு படத்துக்கும் கூட்டம் வரவில்லை. வந்தவர்களும், "தையல் மெஷின் ஓடுறதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேன்டீனில் நொந்துகொண்டு போனார்கள். மாமியார் மட்டும் ஒவ்வொரு காட்சியையும் பார்த்தார். அந்த நாட்களில் வியாபாரம் படுத்துவிடும், அவர் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

"எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கெல்லாம் எல்லாம் முடிஞ்சு கைதட்டும்போதுதான் அம்மா வந்து நிப்பாங்க," என்று என் மனைவி இன்றுவரை பொருமுவாள். "அவ படத்துக்கு மட்டும் முதல் ஆளாப் போய் உக்காந்துடுவாங்க. யாரு பெத்த பொண்ணு நானு?"

இதற்குப் பதிலை மாமியார் ஒரே ஒருமுறை, மகள் இல்லாத நேரத்தில், என்னிடம் சொன்னார். "அந்தப் படம் ஓடும்போதுதான் மாப்பிள்ளை என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. என் கைக்கு வேலையே கிடையாது. அவளும் அவசரப்பட மாட்டா, நானும் அவசரப்பட வேண்டாம்." எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அதன் பிறகு அந்தத் தும்மலை நான் கேலி செய்வதில்லை.

நான்காவது படம் போன வருடம் வந்தது. காலைக் காட்சி மட்டும். ஒரு பெண்ணின் புருஷன் வீட்டை விட்டுப் போய் வருடக்கணக்காகிறது, உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத ஓர் உடல் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று தகவல் வருகிறது. பஸ் பிடித்து வருகிறாள். பிணவறைச் சாவி வைத்திருப்பவர் வெளியே போயிருக்கிறார், உட்காருங்கள் என்கிறார்கள். ஒரு நீளமான வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கிறாள். மெதுவாக உரிக்கிறாள். ஒவ்வொரு சுளையாகத் தின்கிறாள். கேமரா நகராது, அவளும் பேசமாட்டாள். உள்ளே கிடப்பது அவனாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறாளா, இருக்கக் கூடாது என்று நினைக்கிறாளா? அந்தப் பழம் தீர்கிற வரைக்கும் நமக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மாமியார் அதைப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் நடிகையின் பேட்டி வந்தது. பெரிய படங்களைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்த பிறகு, போனால் போகிறதென்று, கேட்பவர் இந்தப் படத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டார்.

"நான் மனசாரப் பண்ணது இந்த நாலும்தான்," என்றார் நடிகை. "ஆனா முழுசா உக்காந்து பாத்தேன்னு இதுவரைக்கும் ஒரு ஆள் வந்து சொன்னதில்ல. இன்னொரு கதை கையில இருக்கு. டைரக்டர் பதிலுக்குக் காத்துட்டிருக்கார். இந்தத் தடவை சொல்லாம கொள்ளாம தியேட்டருக்குப் போய் ஜனங்களோட உக்காரப் போறேன். அதுக்கப்புறமும் போதும்னு தோணிச்சுன்னா, இதோட விட்டுடுவேன்."

மாமியார் டிவிக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார். "அடிப்பாவி! நான் ஒருத்தி இருக்கேனே இங்க!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இதோடு விட்டுவிட்டால் தனக்கு இனிமேல் முழுப் படமே கிடையாது என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, யாரும் பார்க்கவில்லை என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருக்கிறாளே என்பது.

பட்ட காலிலே என்பார்களே, அதுபோல அந்த ஞாயிற்றுக்கிழமையே இன்னொன்றும் நடந்திருந்தது. தியேட்டருக்குப் புது மேனேஜர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முதலாளியின் அக்கா மகன், சுறுசுறுப்பான பையன். சும்மா இருக்க மாட்டான். திங்கட்கிழமையிலிருந்து இந்தப் படத்துக்கும் இடைவேளை என்று சொல்லிவிட்டான்.

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா. இடைவேளை இல்லாம ஓட்டினா உங்க அடுப்பு எப்படி எரியும்?"

"என் அடுப்பைப் பத்தி எனக்குத் தெரியும் தம்பி. எந்த இடத்துல விடப் போறீங்க?"

"சரியா நடுவுல."

"ஐயையோ, அங்கதான் அவ ஆரஞ்சு உரிச்சிட்டிருக்கா!"

"அதனால என்ன? ஜனங்க டீ குடிச்சிட்டு வந்த பிறகு மிச்சத்தை உரிக்கட்டும்."

மாமியார் கெஞ்சிப் பார்த்தார், கோபப்பட்டும் பார்த்தார். ஒன்று இடைவேளை, இல்லாவிட்டால் படத்தையே எடுத்துவிடுவேன் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் புருஷன் பக்கம் திரும்பினார்.

"நீங்க லைட்டைப் போடாதீங்க. என்ன பண்ணிடுவான்?"

"ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார் மாமனார்.

அவ்வளவுதான். மாமியார் வாயைப் பூட்டிக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் மாடிக்குப் போக வேண்டிய டீ போகவில்லை. இத்தனை வருடத்தில் அது ஒருநாளும் நடந்ததில்லை என்று மாமனாரே பிற்பாடு சொன்னார்.

எனக்கு அதிகாலையிலேயே போன் வந்துவிட்டது. "மாப்பிள்ளை, இன்னைக்கு லீவு போடுங்க. ஆள் வேணும்."

"எதுக்கு அத்தை, அடிதடியா?"

"படம் பாக்கறதுக்கு. அவ என்னைக்கு வருவாளோ தெரியாது. வர்ற அன்னைக்கு உள்ள நாலு தலையாவது தெரியணும்ல?"

போனேன். மாமியார் கேட்டு மறுக்க முடியுமா? உள்ளே ஆங்காங்கே கொஞ்சம் பேர். இருட்டைத் தேடி வந்த ஒரு ஜோடி, பெரிய பையோடு ஒரு பெரியவர், ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த இரண்டு பெண்கள். என் வரிசையில், இரண்டு நாற்காலி தள்ளி, நரைத்த முடியைக் கொண்டை போட்டிருந்த ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். துணிப்பை, பழைய செருப்பு. லீவு எடுத்த டீச்சர் என்று நினைத்தேன். படம் ஓட ஓட எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. திரையையே பார்க்கவில்லை. எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வந்து என் மூஞ்சியைப் பார்க்கிறதே இந்த அம்மா என்று கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தேன்.

படத்தில் ஆரஞ்சு வந்தது. தோலில் பாதி உரிந்து மடியில் விழுந்தது. பளீரென்று விளக்குகள் எரிந்தன.

"அட!" என்று எனக்கே வாய்விட்டு வந்துவிட்டது. பெரியவர் கண்ணைக் கசக்கினார். ஆனால் விளக்கு எரிந்தால் எழுந்து வெளியே போவது கால்களின் பழக்கம், எல்லோரும் எழுந்து போனோம். கேன்டீன் ஷட்டர் தரை வரைக்கும் இறக்கியிருந்தது. உள்ளே பாத்திரங்கள் மட்டும் கோபமாக உருண்டுகொண்டிருந்தன. ஜோடியில் இருந்த இளைஞன் ஷட்டரைத் தட்டி, "ரெண்டு டீ," என்றான்.

"கடை இல்ல," என்றது உள்ளிருந்து.

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு நகர்ந்தான். கொண்டை போட்ட அம்மா ஷட்டருக்குப் பக்கத்தில் போனார். "ஒரே ஒரு டீ கிடைக்குமா? தலை வலிக்குது, குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன்."

"கிளம்பிடுவியா?" உள்ளே ஏதோ கீழே விழுந்தது. "யாரும்மா நீ? அந்தப் பொண்ணு பழத்தைக் கையில வெச்சிட்டு உக்காந்திருக்கா, உனக்கு டீ கேக்குதா? உள்ள கிடக்கறது தன் புருஷனா இல்லையான்னு தெரியாம அவ தவிக்கறா. அவளை அப்படியே விட்டுட்டு எழுந்து வர எப்படி மனசு வந்துச்சு உனக்கு? இந்தப் படத்துக்கு இடைவேளை கிடையாது. எவனோ லைட்டைப் போட்டா நீங்கல்லாம் எழுந்து வந்துடறதா? இது அவளோட நாலாவது. நாலையும் நான் ஆரம்பத்துலேருந்து பாத்திருக்கேன். ஒண்ணுலகூட நடுவுல எழுந்து வர்ற மாதிரி அவ ஒரு இடம் வைக்கல. போய் உக்காந்து முழுசாப் பாரு. பிடிக்கலைன்னா அப்புறம் வந்து என்னைத் திட்டு, வாங்கிக்கறேன். போ உள்ள!"

எனக்கு மானமே போய்விட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க," என்று அந்த அம்மாவிடம் போனேன். "எங்க மாமியார்தான். இந்தப் படம்னா கொஞ்சம் அப்படித்தான்." அவர் ஒரு கையை ஷட்டர் மேல் வைத்து, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "பரவால்லீங்க," என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

அதே நேரம் விளக்குகள் அணைந்தன. "ஏய், படம் போட்டுட்டாங்க!" என்று எல்லோரும் ஓடினோம். கேன்டீனில் போட்ட சத்தம் படிக்கட்டு வழியாக மாடிக்குக் கேட்டிருக்கிறது. "இன்னும் நேரம் ஆகலையே!" என்று மேனேஜர் கீழே நின்று கத்தியதை மாமனார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோடு விடவில்லை மனுஷன். விட்ட இடத்திலிருந்து போடாமல், அவள் பையைத் திறந்து பழத்தை எடுக்கிற இடத்திலிருந்து திரும்பப் போட்டார். முழுப் பழமும் மறுபடி வந்தது, தோல் முதலிலிருந்து உரிந்தது. இந்த முறை யாரும் அசையவில்லை. அந்த ஜோடிகூட ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வரிசைப் பெண்களில் ஒருத்தி, கடைசிச் சுளை தீர்ந்தபோது, தன்னை அறியாமல் விரலைத் துடைத்துக்கொண்டாள். கொண்டை போட்ட அம்மா அவளையே பார்த்தார்.

உள்ளே கிடந்தது அவள் புருஷனா என்பதை நான் சொல்ல மாட்டேன். இந்தக் குடும்பத்தில் ஒருவராவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் அழுதேன் என்பதை மட்டும் வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

படம் முடிந்து வெளியே வந்தபோது ஷட்டர் திறந்திருந்தது. மாமியார் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். மாமனார் இறங்கி வந்து, படிக்கட்டின் கடைசிப் படியில் குற்றவாளி மாதிரி நின்றார். மாமியார் முதல் டீயை அவர் கையில் கொடுத்தார். அவர் ஒரே மடக்கில் குடித்தார், நாக்கு வெந்திருக்கும். பிறகு மாமியார் இன்னொரு டீயை ஊற்றிக்கொண்டே, "அந்தத் தலைவலிக்காரம்மா எங்க?" என்று நிமிர்ந்தார். அந்த அம்மா எதிரில் நின்றிருந்தார்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நான் மேக்கப் போட்ட முகத்தையே பார்த்துப் பழகியவன், பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்குப் புரியவில்லை. மாமியார் அந்த வெறும் முகத்தை நான்கு படங்களில் பார்த்தவர், ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஐயோ... நீங்களா? உங்களையா நான்..."

"என்னைத்தான்," என்றார் நடிகை.

"தெரியாமப் போச்சுங்க..."

"தெரிஞ்சிருந்தா திட்டியிருக்க மாட்டீங்களா?"

மாமியார் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம். "தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாத் திட்டியிருப்பேன். உன் படத்துலேருந்து நீயே எழுந்து வரலாமா?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவர் கவனிக்கவில்லை. நடிகை சிரித்தார். சிரித்துக்கொண்டே மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "லைட் எரிஞ்சதும் எல்லாரும் எழுந்து போறதைப் பாத்தேன். சரி, இவ்வளவுதான், இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் வெளிய வந்தேன்," என்றார். பிறகு, "நாலையும் பாத்தேன்னு சொன்னீங்களே. நிஜமாவா?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது அவர் குரல் சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது.

"பாத்தேனாவா? அந்த ரூம் காலி பண்ற படத்துல ஒரு ஜன்னல் கொக்கி மாட்டவே மாட்டாது. மாட்டிப் பாப்ப, மாட்டிப் பாப்ப, கடைசில அப்படியே விட்டுட்டுப் போயிடுவ. எனக்கு அங்கதான் அழுகை வரும். தம்பி செத்ததுக்குக்கூட வரல. தையல் படத்துல கரண்ட் போய் மெஷின் எல்லாம் நின்னதும் எல்லாரும் நிமிந்து பாப்பாங்க, நீ மட்டும் தெரியாம மிதிச்சிட்டே இருப்ப. நீச்சல் படத்துல..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆரம்பத்திலிருந்து சொன்னார், வரிசையாகச் சொன்னார். நடிகையின் கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அந்தக் கொக்கி நிஜமாவே மாட்டலம்மா," என்றார் கடைசியில். "டைரக்டர் வெட்டிடலாம்னார். நான்தான் இருக்கட்டும்னு சண்டை போட்டேன். இத்தனை வருஷத்துல யாரும் அதைப் பத்திப் பேசினதில்ல."

இதற்குள் மேனேஜருக்கு விஷயம் எட்டிவிட்டது. தலையைக் கோதிக்கொண்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓட்டமாக வந்தான். "மேடம், இந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் இடைவேளையே கூடாதுங்கறதுதான் மேடம் எங்க பாலிசி," என்றான். மாமனார் அவனைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். மாமியார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குக் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஊற்றிய டீயை மேடையில் முன்னும் பின்னும் நகர்த்தினார்.

"டிவில சொன்னியே, இன்னொரு கதைன்னு..." என்றார் மெதுவாக. "அதை விட்டுடுவியா?"

நடிகை துணிப்பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரை அழுத்திவிட்டு மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் பேசறேன்," என்றார் போனில். "பண்றேன்... ஆமா, முடிவு பண்ணிட்டேன்... இல்ல, இல்ல, நடுவுல எங்கயும் நிறுத்தம் வேண்டாம். வெச்சீங்கன்னா இங்க ஒருத்தங்க ஷட்டரை இறக்கிடுவாங்க."

"அப்பாடா!" என்று மாமியார் கவிழ்த்துப் போட்டிருந்த கூல்டிரிங்க்ஸ் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தார். "என் வயித்துல பாலை வார்த்த கண்ணு." முந்தின நாளிலிருந்து அவர் ஒழுங்காக மூச்சே விடவில்லை என்பது அவர் விட்ட அந்த மூச்சில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மேடையில் இருந்த டீயை எடுத்து மடமடவென்று குடித்தார். சொட்டு விடாமல் குடித்தார்.

நடிகை காலி டம்ளரைப் பார்த்தார். "அம்மா, அது எனக்குப் போட்டது."

மாமியார் டம்ளரைப் பார்த்தார், நடிகையைப் பார்த்தார், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"இரு, வேற போடறேன்," என்றார். "இனிமே என்ன அவசரம்?"